உங்களுக்குத் தெரியுமா? காது குத்திய பிறகு...

● பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் காது குத்துவதற்கென்றே தனி அத்தியாயம் உண்டு. குத்தியதும் எண்ணெய் விட வேண்டும். மூன்று நாளுக்கொரு முறை முன்னதைவிடச் சற்றுத் தடித்த திரியை நுழைக்க வேண்டும் என்கிறது அது.

● காது மடலின் கீழ்ப்பகுதி ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். கேரளத்து சிரியன் கிறிஸ்தவப் பாட்டிமார் குணுக்கு என்னும் காதணி அணிந்த மேல்காதோ குருத்தெலும்பு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. ஆற 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம்.

● கம்மலைத் திருகிக்கொண்டே இருந்தால் உள்ளே உருவாகும் புதுத் தோல் கிழியும். கை படாமல் விடுவதே நல்லது.

● பழைய நூல் எண்ணெய் விடச் சொன்னாலும், இன்றைய மருத்துவ அறிவுரைப்படி மஞ்சள், தேங்காயெண்ணெய், வேப்பங்குச்சி, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவி, 0.9% உப்புநீரால் (நார்மல் சலைன்) தினமும் இரு வேளை துடைத்து, ஈரம் ஒற்றி எடுங்கள்.

● கசிந்து காயும் வெளிர்மஞ்சள் பொருக்கு இயல்பானது. சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். கம்மலை நீங்களாகக் கழற்றாதீர்கள்; துளை மூடிச் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.

● நிக்கல் கலந்த கவரிங் கம்மல் பலருக்கு அலர்ஜி தரும். ஆறும்வரை மருத்துவத் தர டைட்டானியம் பாதுகாப்பானது.