பழைய ஜீப் ஆடுகிறதா? கோளாறு எங்கே?

புதுக்கோட்டை மாவட்டம் மீமிசல், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர். உப்புக் காற்று வீசும் இதுபோன்ற ஊர்களில் வண்டியின் அடிப்பாகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும்!

1947-ல் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளை இணைத்துத் தயாரிக்கத் தொடங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கும் அந்த வண்டியைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்டியரிங் உதறினால், முதலில் டயரில் காற்றைப் பாருங்கள்.

பிறகு ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாகத் திருப்பட்டும். மற்றவர் குனிந்து பார்க்கட்டும். கம்பி அசைந்தும் சக்கரம் உடனே திரும்பவில்லையா? கம்பியின் முனை மூட்டு தேய்ந்துவிட்டது!

அடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்குங்கள். கட்டாயம் முட்டுக் கொடுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆடினால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங்கில் கோளாறு. நிற்காவிட்டால் கிங் பின் தேய்ந்திருக்கும்.

சமதரையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், ஸ்பிரிங் பட்டை தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம்.

கோளாறு தெரியாமல் கண்டதையும் மாற்றினால் காசு கரையும். கவனிக்காமல் ஓட்டினாலோ உயிருக்கே ஆபத்து. பெண்டு பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அல்லவா?