மரப்பட்டையிலிருந்து ஒரு தோள்பை

மரத்தை வெட்டாமல் அதன் பட்டையை மட்டும் உரித்தெடுத்துத் துணியாக்கும் கலை போர்த்துகல் நாட்டில் வளர்ந்திருக்கிறது. தக்கைத்துணி எனப்படும் இப்பொருளைக் கொண்டு பெரிய தோள்பை ஒன்றை வீட்டிலேயே தைப்பதற்கான தொகுப்புப் பெட்டிகள் இன்று இணையவழி விற்பனையில் கிடைக்கின்றன. அளவாக வெட்டிய தக்கைத்துணி, உள்துணி, ஜிப், கைப்பிடிப் பட்டை, உலோக வளையங்கள், காகித மாதிரி, செய்முறைக் குறிப்பு ஆகியவை ஒரே பெட்டியில் அடங்கியிருக்கும். தையல் பழகிய வாசகர்கள் பலர் இதை வாங்க எண்ணக்கூடும். வாங்குமுன் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு

தக்கை ஓக் மரம் மேற்கு மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கு உரியது. உலகின் தக்கை உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி போர்த்துகலில் இருந்தே வருகிறது. அந்நாடு 2011இல் இதனைத் தன் தேசிய மரமாக அறிவித்தது. மரம் நட்டு ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழிந்த பின்னரே முதல் பட்டை உரிக்கப்படுகிறது. அதன்பின் அடுத்த உரிப்புக்கு 9 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கோடைக்காலத்தில் கைதேர்ந்த தொழிலாளர்கள் கோடரியால் பட்டையை உரித்து, அவ்வாண்டின் கடைசி இலக்கத்தை மரத்தின்மேல் வெள்ளை வண்ணத்தால் எழுதி வைப்பர். மரம் மீண்டும் பட்டை வளர்த்துக்கொள்ளும்.

1665இல் இராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கண்டு 'செல்' என்று பெயரிட்டது இத்தக்கையின் நுண்ணறைகளையே. காற்று நிறைந்த அவ்வறைகளால் தக்கை இலேசாக இருக்கிறது. அவற்றின் சுவரிலுள்ள மெழுகு போன்ற பொருளால் நீர் எளிதில் ஊடுருவுவதில்லை. பட்டையை வேகவைத்து, மெல்லிய தாளாகச் சீவி, பருத்தி அல்லது பாலியெஸ்டர் துணியின்மேல் ஒட்டினால் தக்கைத்துணி ஆயத்தம். பின்புறத் துணி பாலியெஸ்டரா பருத்தியா என்பதைப் பெட்டியின் விவரத்தில் பார்த்து வாங்குவது நன்று.

துளை மறையாது

பருத்தித் துணியில் தையலைப் பிரித்தால் ஊசித்துளை நாளடைவில் மறையும்; தக்கையில் மறையாது. பெட்டியில் பெரும்பாலும் ஒரு பைக்குத் தேவையான துணியே இருப்பதால், ஒரு பகுதி கெட்டால் மாற்று இல்லை. ஆகவே முதல் தையலை ஒரு துண்டுத் துணியில் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

குண்டூசி குத்தாமல் துணி உலர்த்தும் கிளிப்புகளால் விளிம்புகளைப் பிணைக்கலாம். 14 அல்லது 16 எண் ஊசியும் பாலியெஸ்டர் நூலும் ஏற்றவை. தையலின் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் இருக்கட்டும். தையல் நெருக்கமானால் தபால்தலைத் தாளின் துளைவரிசைபோல் அவ்விடமே கிழியத் தொடங்கும். இதே காரணத்தால் தையலின் முடிவில் முன்னும் பின்னும் பலமுறை ஓட்டாமல், நூல்முனைகளை உட்புறம் இழுத்து முடிச்சிடுவது மேல். அழுத்துபாதம் தக்கையில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் டெஃப்லான் பாதத்தை மாற்றலாம். அது இல்லையெனில் பாதத்தின் அடியில் ஒட்டுநாடா ஒட்டினாலும் போதும். இஸ்திரி போடுகையில் மேலே பருத்தித்துணி விரித்து, ஆவியின்றி, மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும்.

தக்கைத்துணியின் விளிம்பு நூல்நூலாகப் பிரிவதில்லை. எனவே ஓவர்லாக் தேவையில்லை. பையின் அடி தட்டையாக அமைய, முன்பின் பாகங்களின் கீழ்மூலைகளில் சதுரங்களை வெட்டிக் குறுக்கே தைக்கிறோம். வெட்டும் சதுரத்தின் பக்கம், வேண்டிய அடி அகலத்தில் பாதி: 15 செ.மீ. அகலத்துக்கு 7.5 செ.மீ. பெரிய பையில் சுமையெல்லாம் கைப்பிடி இணையும் இடத்தில் விழுகிறது. அங்கே உட்புறம் ஒரு துண்டு கெட்டித் துணி வைத்து, சதுரமும் அதன் நடுவே பெருக்கல் குறியுமாகத் தைத்தால் காய்கறிச் சுமையையும் தாங்கும்.

உழைப்புக்கும் விலை உண்டு

120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைகளுக்கு 31 டிசம்பர் 2022 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. நீடித்து உழைக்கும் பைகளைத் தைத்து விற்க எண்ணுவோர் முதலில் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஒரு சான்று: பெட்டியின் விலை ரூ.1,200, தைக்க 6 மணி நேரம், மணிக்கு ரூ.80 கூலி எனில் ரூ.480, நூல், மின்சாரம், இயந்திரத் தேய்மானம் ரூ.70. அடக்கவிலை ரூ.1,750. அப்பையை ரூ.1,500க்கு விற்பவர் 300 ரூபாய் லாபம் என்று மகிழ்வார். உண்மையில் தம் கூலியிலிருந்து 250 ரூபாயை இழக்கிறார். வீட்டிலிருந்து தைக்கும் பெண்களின் கணக்கில் பெரும்பாலும் விடுபடுவது அவர்களது நேரமே.

ஆகவே முதல் பையைப் பெட்டியிலிருந்து தைத்துக் கைப்பழக்கம் பெறலாம். அடுத்தவற்றுக்குத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கிச் செலவைக் குறைக்கலாம். சில மாதிரிகள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. விற்பனைக்குத் தைக்குமுன் அந்நிபந்தனையைப் படித்துவிட வேண்டும்.

தொழிலாகத் தொடர விரும்புவோருக்கு முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை பிணையற்ற கடன் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. தகுதி பெறுவோர்க்கு முதல் தவணையாக ரூ.1 லட்சம் வரை 5 விழுக்காடு வட்டியில் கிடைக்கிறது. எனினும் கடன் விண்ணப்பத்துக்கு முன்பே மூன்று பைகளை விற்றுப் பாருங்கள். நேரம், செலவு, விற்ற விலை மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். எவ்வளவு கடன் தாங்கும் என்பதை அக்குறிப்பேடே உங்களுக்குச் சொல்லும். கிளைக்கு வரும்போது அதையும் கையோடு கொண்டு வாருங்கள்.