முதுமை மறதியும் நமது ஆராய்ச்சிக் கடமையும்

மூப்பு யாவர்க்கும் பொது. கண்ணொளி மங்குதலும், செவி மந்தமாதலும், நேற்றுக் கண்டவர் பெயர் நாவில் வாராது நிற்றலும் அதன் இயல்பான குறிகளாம். ஆயினும், பல்லாண்டு தறி நெய்த முதியவர் ஒருவர் தம் வீட்டுத் தெருவையே அறியாது சங்கரன்கோவில் தேரடியில் திகைத்து நிற்பாராயின், அஃது இயல்பான மூப்பன்று. ‘வயது சென்றது, புத்தி தடுமாறுகிறது’ என்று சொல்லிச் சுற்றத்தார் அமைந்துவிடுகின்றனர். அதனால் நோய், நோயென்று அறியப்படாமலே போகின்றது. அவ்வாறு போகாதிருத்தற்கு ஆவன யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நினைவு, மொழி, கால இட உணர்வு, காரியஞ் செய்யுந் திறன் ஆகியவை படிப்படியாய்க் கெட்டு, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் நிலையை மருத்துவர் டிமென்ஷியா என்பர். முதுமை மறதி எனத் தமிழில் வழங்குவோம். இதனை விளைக்கும் நோய்கள் பல. அவற்றுள் தலையாயது அல்ஸைமர் நோய். 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர், தாம் முன்பு பார்த்துவந்த ஒரு பெண்மணியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு இடையே படிவுகளும், அணுக்களின் உள்ளே முறுக்குண்ட இழைகளும் இருத்தலை அறிவித்தார். அவரது பெயரே நோய்க்கும் பெயராயிற்று.

இஃது மேனாட்டார்க்கே உரிய நோய் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் பிழை. லாசி-டாட் என்னும் இந்திய ஆராய்ச்சியின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி, 60 வயது கடந்த இந்தியருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நிலையில் உள்ளனர். நகரத்தாரினும் நாட்டுப்புறத்தாரிடையும், ஆடவரினும் பெண்டிரிடையும், கற்றவரினும் கல்லாதாரிடையும் இது மிகுதி. எவர்க்கு மருத்துவர் தூரமோ அவர்க்கே நோய் அண்மையில் உளது.

நிற்க. இத்தகைய மக்களைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தது. 1998-இல் கொச்சியில் அறிஞர் சிலர் கூடி, ‘10/66’ என்னும் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தனர். அப்பெயரிலேயே குறை அடங்கியுள்ளது. நோயாளருள் நூற்றுக்கு 66 பேருக்கு மேற்பட்டோர் வளரும் நாடுகளில் வாழ்கின்றனர். மக்களிடையே நிகழ்ந்த ஆராய்ச்சிகளிலோ நூற்றுக்கு 10-க்கும் குறைந்தவையே அந்நாடுகளைப் பற்றியன. கியூபா, பெரு, மெக்ஸிகோ முதலிய ஸ்பானிய மொழி நாடுகளும், சீனமும், இந்தியாவும் இம்முயற்சியிற் சேர்ந்தன. நம் நாட்டில் சென்னை நகரத்திலும் வேலூரைச் சார்ந்த கிராமங்களிலும் ஆராய்ச்சி நடந்தது. வேலூர்ப் பகுதியில் அதனை மேற்கொண்டோர் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார்.

2008-இல் வெளிவந்த அதன் முடிவு சிந்திக்கத் தக்கது. அமெரிக்க உளமருத்துவர் வகுத்த இலக்கணத்தைக் கொண்டு கணித்தபொழுது, இந்தியக் கிராமத்தில் 65 வயது கடந்தோருள் ஆயிரவர்க்கு மூவரே நோயாளர். கியூபாவிலோ அறுபத்து மூவர். கல்வியின்மைக்கும் வழக்க வேற்றுமைக்கும் இடங்கொடுத்து அக்குழுவினர் தாமே அமைத்த முறையால் கணித்தபொழுது, எல்லா இடங்களிலும் நூற்றுக்கு 5.6 முதல் 11.7 வரையே அளவு நின்றது. நோய் குறைவாயிருந்ததன்று, அளவுகோலே பொருந்தாதிருந்தது. நம் கிராமங்களில் முதியோரிடம் பெரிய பொறுப்பு எதனையும் எதிர்பாராமல் இளையோரே காரியங்களைச் செய்துவிடுவர். ஆதலால், ‘தாத்தாவின் திறன் குறைந்ததா?’ என்று வினவினால், ‘இல்லை’ என்றே விடை வரும். அவ்விடையில் பொய்யில்லை; அன்பே உளது. ஆயினும் அவ்வன்பு நோயை மறைத்துவிடுகின்றது.

இதற்கு மாறான பிழையும் உண்டு. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லுதலும், எழுதியதைப் படித்து அதன்படி செய்யச் சொல்லுதலும் மேனாட்டுச் சோதனைகளில் வழக்கம். பள்ளியே காணாத மூதாட்டி அவற்றிற் பிழை செய்வாராயின், அது நோயா, கல்லாமையா? இவ்விடரை நீக்கவே, ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் ஆராய்ந்தோர் கல்லாதார்க்கும் ஏற்ற இந்திச் சோதனை ஒன்றை அமைத்து 1995-இல் வெளியிட்டனர்.

தமிழகத்திலும் முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. சென்னையை அடுத்த திருப்போரூரில் நிகழ்ந்த கிராம ஆராய்ச்சி 1997-இல் வெளியாயிற்று. நோயாளர் நூற்றுக்கு 3.5 என அது கண்டது. ஆயினும் குறை முற்றும் தீர்ந்திலது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் இந்நோயை ஆய்தற்கென அமைத்த சோதனைத் தொகுதி முதலில் ஐந்து இந்திய மொழிகளில் ஆயிற்று; அவ்வைந்தனுள் தமிழ் இல்லை.

தமிழாக்கம் என்பது சொல்லுக்குச் சொல் மாற்றுதலன்று. ஆங்கில மாதமும் தேதியும் வினவுதற்கு ஈடாக, ‘ஆடித்தபசு கழிந்து எத்தனை நாளாயிற்று?’ என்று சங்கரன்கோவில் மூதாட்டியை வினவலாம். ஆனால் அவ்வினா அதே அறிவுத் திறனை அளக்கின்றதா என்று முதலில் தெளிய வேண்டும். பின்னர் நலமுடையோரிடத்தும் நோயுடையோரிடத்தும் சோதித்துப் பார்த்து, கல்வியாண்டுக்கேற்ப எல்லை வகுத்தல் வேண்டும். இதற்கு மருத்துவர் மட்டும் போதார். மொழி வல்லார், கணித வல்லார், உளநூலார், வீடுதோறும் சென்று பொறுமையோடு கேட்கும் இளைஞர் யாவரும் வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் முதியோரின் நிலை நமக்குப் பாடமாகும். அங்கு வெள்ளையரைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதியாக அவர்களிடையே இந்நோய் காணப்படுகின்றது. ஆராய்ச்சிகளிலோ அவர்கள் சேர்வது குறைவு. இத்தகைய சமூகத்தாரின் முதுமையை ஆராயும் இளம் அறிஞரைப் பழக்குவதற்கென்று அந்நாட்டு அரசின் முதுமையாராய்ச்சி நிலையத்தார் 1997-இல் தனி நடுநிலையங்களை ஏற்படுத்தினர். மக்களுள் ஒருவராய் வாழ்பவர் கேட்கும் கேள்விக்கே மக்கள் மனந்திறந்து விடையளிப்பர் என்பது இதன் கருத்து.

மருந்தால் முற்றும் தீராத நோயை அறிந்து பயன் யாது என்று சிலர் வினவலாம். பயன் உண்டு. பி-12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டுக் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதியைப் பெரும்பாலும் சீர்ப்படுத்தலாம். சோதித்தாலன்றி அது தெரியாது. மேலும், கல்விக் குறைவு, செவிட்டுத்தன்மை, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், தனிமை முதலிய 14 காரணங்களை நீக்கினால் உலகில் இந்நோயுள் நூற்றுக்கு 45 பங்கு வரை தடுக்கவோ தாழ்த்தவோ இயலுமென லான்ஸெட் ஆணைக்குழு 2024-இல் கூறிற்று. பெயரறிந்த நோயாளரைக் கடிந்துகொள்ளும் இல்லத்தாரும் குறைவர். அதுவே பெரும் பயன்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்பொழுது உங்கள் பாட்டியார் சொன்ன கதையையே மீண்டுஞ் சொல்வாராயின், நகையாது கேளுங்கள். அவர் முன்பு செய்துவந்து இப்பொழுது கைவிட்ட காரியங்கள் எவையெனக் குறித்து, அக்குறிப்போடு மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். நம் முதியோரை நம் மொழியில் வினவி அறியும் ஆராய்ச்சி அங்கிருந்தே தொடங்கும்.