புல்லிலிருந்து எரிவாயு: காணி உணவுக்கா, அடுப்புக்கா?

2022இல் சமையல் எரிவாயு சிலிண்டருக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதை நாம் இலகுவில் மறக்க மாட்டோம். மாற்று வழியாகச் சாண எரிவாயுவைப் பலரும் அறிவர். புல்லையே பயிரிட்டு எரிவாயு எடுக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்குக் காணி வேண்டும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காற்றுப் புகாத தாங்கியினுள் பற்றீரியாக்கள் புல்லை உக்கச் செய்யும்போது மெதேன் வாயு உருவாகிறது. மாடு தின்ற புல்லின் சத்தில் பெரும்பகுதியை அதன் உடலே எடுத்துவிடுகிறது. எஞ்சியதே சாணம். ஆகவே ஒரு தொன் சாணக் கரைசல் சுமார் 25 கன மீற்றர் வாயு தரும்போது, பதப்படுத்திய புல் அதைப்போல் பல மடங்கு தருகிறது. ஒரு கன மீற்றர் வாயு ஏறத்தாழ 450 கிராம் சிலிண்டர் வாயுவுக்குச் சமம். அதாவது, 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக சுமார் 28 கன மீற்றர் தேவை.

இந்தக் கணக்கை நம்பி ஜேர்மனி பெரிதாக இறங்கியது. 2004இல் சக்திப் பயிர்களுக்கு மேலதிகக் கொடுப்பனவு வழங்கப்பட்டது. விளைவாக வயல்வெளிகளைச் சோளம் நிறைத்தது. நிலக் குத்தகை உயர்ந்தது. உணவுக்கா எரிபொருளுக்கா நிலம் என்ற வாதம் கிளம்பியது. இறுதியில் 2012இல், புதிய நிலையங்களில் சோளமும் தானியமும் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என வரம்பிட்டனர்.

நமக்கு இதில் பாடம் உண்டு. பாற்பண்ணையாளர்கள் வளர்க்கும் சிஓ-3 புல்லை ஏறக்குறைய 45 நாட்களுக்கு ஒரு தடவை வெட்டலாம். அதை முதலில் மாட்டுக்குக் கொடுப்பதே இலாபம்: பாலும் கிடைக்கும், சாணமும் கிடைக்கும். மாடு ஒதுக்கும் தண்டு, முற்றிய புல், மடுவங்களில் வீணாகும் இரைப்பைச் சக்கை ஆகியவற்றைத் தாங்கியில் சேர்க்கலாம். அந்தச் சக்கையில் புல்லை உக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் ஏராளம்.

புல்லைச் சிறிதாக நறுக்காவிட்டால் அது மிதந்து ஆடையாகப் படியும். ஒரேயடியாகக் கொட்டினால் தாங்கி புளித்து வாயு நின்றுவிடும். சாணத்துடன் சிறிது சிறிதாகக் கலப்பதே முறை. வெளிவரும் கரைசலோ நல்ல பசளை. 2021இல் இரசாயனப் பசளைத் தடையால் தவித்த விவசாயிக்கு அதன் பெறுமதி தெரியும்.

வரம்பு, வேலியோரம், தரிசு நிலம் ஆகியவற்றில் தாராளமாகப் புல் நடுவோம். நெல் விளையும் வயலை மட்டும் அடுப்புக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். அரிசி இல்லாத வீட்டில் எரிவாயு இருந்து என்ன பயன்?