அச்சுக்கூடம் முதல் கணினி வரை – 17: பக்கம் இருக்கிறது, எழுத்து எங்கே?

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த புத்தகம். பிரதிகள் தீர்ந்துவிட்டன, மறுபதிப்பு போட வேண்டும். பக்கம் கட்டிய டிடிபி மையத்தைத் தேடிப் போனால் கடை கைமாறியிருக்கும். இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டிருக்கும். மிஞ்சுவது அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப் மட்டும். “அதான் பிடிஎஃப் இருக்கே, அதையே திறந்து நாலு திருத்தம் போட்டா முடிஞ்சுதே” என்பார் நூலாசிரியர். ஆபரேட்டர் பெருமூச்சு விடுவது இங்கேதான்.

அடோபி நிறுவனர்களில் ஒருவரான ஜான் வார்னாக், 1991இல் ‘கேமலாட்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை எழுதினார். எந்தக் கணினியில் உருவான ஆவணமும் எந்தத் திரையிலும் எந்த அச்சுப்பொறியிலும் அச்சு அசலாக அப்படியே தெரிய வேண்டும் என்பது அவர் கனவு. 1993இல் அக்ரோபாட்டோடு பிடிஎஃப் வெளிவந்தது. 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. தோற்றம் மாறக்கூடாது என்பதுதான் இதன் பிறவிக் குணம். அதையே பிரித்துத் திருத்த நினைப்பது, சுட்ட செங்கல்லைக் குழைத்து மறுபடி களிமண்ணாக்கப் பார்ப்பது போல.

காரணம் கோப்பின் உள்ளேயே இருக்கிறது. பக்கம் கட்டும் மென்பொருள்களான பேஜ்மேக்கரிலோ இன்டிசைனிலோ ஒரு கதை பல பக்கங்களில் ஓடும் ஒரே நூலிழை. பத்தி, தலைப்பு, அடிக்குறிப்பு எல்லாவற்றுக்கும் அங்கே பெயர் உண்டு. சாதாரண பிடிஎஃபுக்குப் பத்தி என்றால் என்னவென்றே தெரியாது. ‘இந்த ஃபாண்டில், இந்த அளவில், இந்த இடத்தில் இந்த வடிவத்தை வை’ என்ற கட்டளைகளே அதில் அடுக்கியிருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளி எழுத்து இருக்கவேண்டிய கட்டாயம்கூட இல்லை. அடுத்த சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். பக்க எண்ணும் பாட்டின் கடைசி அடியும் அதற்கு ஒன்றுதான். அட்டவணை என்பது சில கோடுகள், அவற்றுக்கு நடுவே சில எண்கள், அவ்வளவே.

மாற்றித் தரும் மென்பொருள்கள் இல்லாமல் இல்லை. மார்க்ஸ்வேரின் பிடிஎஃப்2டிடிபி, ரெக்கோசாஃப்டின் பிடிஎஃப்2ஐடி இரண்டும் பிடிஎஃபை இன்டிசைன் கோப்பாக்கப் பார்க்கும். குவார்க் எக்ஸ்பிரஸ் 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே பிடிஎஃபைத் தன் வடிவுக்கு மாற்றும் வசதியைத் தந்தது. அஃபினிட்டி பப்ளிஷர் நேரடியாகவே திறக்கும். எல்லாம் செய்வது ஊகம்தான்: வரிகளுக்கு இடையே எவ்வளவு தூரம், முதல் வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது, எழுத்து எங்கே பெரிதாகிறது என்று பார்த்துப் பத்திகளை ஒட்டுகின்றன. ஆங்கிலப் பக்கத்தில் இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும்.

தமிழில்தான் வினை. 2000க்கு முன்னும் பின்னும் தமிழ்ப் புத்தகங்கள் பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் கட்டப்பட்டன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டில் டாம், டாப் இரண்டும் தரமாக்கப்பட்டும் பாமினி ஓயவில்லை. இலங்கையில் அது வெகுகாலம் கோலோச்சியது. பாமினி போன்ற ஃபாண்ட்களில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கவேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ‘தமிழ்’ என்று பளிச்சென்று தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

அதை யூனிகோடாக்க என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. ஆனால் முழுப் பக்கத்தையும் அள்ளிப் போட்டால் நடுவே வரும் உண்மையான ஆங்கிலச் சொல்லும் தமிழாகி உளறும். ஃபாண்ட் பெயரைப் பார்த்துத் துண்டு துண்டாகத்தான் மாற்ற வேண்டும். பழைய ஃபாண்ட்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே வடிவம் என்பது இன்னொரு தலைவலி. இணையத்தில் ‘கெளரவம்’, ‘ஒளவையார்’ என்று ஊர்வலம் போகும் பிழைகளில் பல இப்படி வந்தவைதான்.

யூனிகோடில் கட்டிய பிடிஎஃபாவது தப்புமா? முழுசாக இல்லை. ‘கொ’வில் கொம்பு முதலில் வரையப்படுகிறது, யூனிகோடிலோ ககரத்துக்குப் பிறகுதான் உயிர்க்குறி. வரைந்த வரிசையிலேயே பிடுங்கும் கருவி கொம்பைத் தனியே அலையவிடும். சொல்லின் தொடக்கத்தில் கொம்பு தொங்கினால் அது பிடிஎஃபிலிருந்து வந்த பிரதி என்று புரூஃப் பார்ப்பவர் சொல்லிவிடுவார். அச்சகம் கேட்டதென்று எழுத்தையெல்லாம் ‘கர்வ்’ ஆக்கி அனுப்பியிருந்தால் கதை முடிந்தது. அங்கே எழுத்தே இல்லை, கோட்டோவியம்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்த பக்கத்தைப் போலவே அதையும், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆருக்குத்தான் கொடுக்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய புத்தகமானால் பழைய னை, லை வடிவங்களில் ஓசிஆர் தடுமாறவும் செய்யும்.

ஆக, நாவல், கட்டுரை போன்ற நேரான புத்தகத்துக்கு லே-அவுட்டை மீட்கும் ஆசையையே விட்டுவிடலாம். எழுத்தை மட்டும் எடுத்து, யூனிகோடாக்கி, புரூஃப் பார்த்து, புதிய பக்கத்தில் ஓடவிடுவதுதான் வேகம். பழைய பிடிஎஃபைப் பக்கத்தின் அடியில் மங்கலாக, பூட்டிய லேயரில் வைத்துக்கொண்டால் அளவுகள் பிசகாது. விளம்பரம், படிவம், படங்கள் மண்டிய பாடநூல் என்றால் மாற்று மென்பொருளுக்குச் செலவழிக்கலாம். பிழையின் மேல் வெள்ளைப் பெட்டியை ஒட்டி மறைத்துப் புதுச் சொல்லை மேலே வைக்கும் வித்தை மட்டும் வேண்டாம். அச்சில் தப்பித்தாலும், தேடினால் பழைய பிழைதான் கிடைக்கும்.

பழைய பேஜ்மேக்கர் கோப்பே கையில் இருக்கிறதா? பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அந்தக் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் திறக்கும். பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடும் முன் அவற்றைத் திறந்து புதிய வடிவில் சேமித்துவிடுங்கள். இனிமேல் புத்தகம் போடும் நூலாசிரியர்கள், டிடிபிக்குப் பணம் கொடுக்கும்போதே பிடிஎஃபோடு மூலக் கோப்பு, படங்கள், யூனிகோடு பிரதி, உரிமம் இடம்கொடுத்தால் ஃபாண்ட்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.