சரக்கு வண்டி: பெட்ரோலா, மின்சாரமா?

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளானாலும் சரி, தெருமுனை மளிகைக் கடையானாலும் சரி, வணிகர்கள் கூடுமிடத்தில் இன்று எழும் கேள்வி: "பழைய பெட்ரோல் லோடு ஆட்டோவைக் கொடுத்துவிட்டுப் பேட்டரி வண்டி வாங்கலாமா?" வண்டி விற்பவர் மிச்சத்தை மட்டும்தான் சொல்வார். முதல் போடுகிறவர்களும் வட்டி கட்டுகிறவர்களும் நாம். ஆகவே கணக்குப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி தருவது 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடினால் செலவு 240 ரூபாய். மின்வண்டி யூனிட்டுக்கு 10 கிலோமீட்டர் ஓடி, யூனிட் 10 ரூபாய் ஆனால், செலவு 60 ரூபாய். மாதம் 26 நாளைக்கு மிச்சம் 4,680 ரூபாய். மின்வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், வட்டி நீங்கலாக 32 மாதத்தில் அது திரும்பிவிடும்.

அதே வண்டி நாளைக்கு 20 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால்? மாத மிச்சம் 1,560 ரூபாய். போட்ட பணம் திரும்ப எட்டு ஆண்டு ஆகும். அதற்குள் பேட்டரியே மாற்ற வேண்டி வரலாம். பல ஊர்களுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வணிகருக்கு லாபமாகும் வண்டி, நாலு தெருவுக்குள் சுற்றும் சிறு கடைக்காரருக்குச் சுமையாகலாம்.

வரியையும் கவனிக்க வேண்டும். மின்வண்டிக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பெட்ரோல் மூன்று சக்கர வண்டிக்கு இருந்த 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. வித்தியாசம் சுருங்கிவிட்டதால் பழைய கணக்கு இனி உதவாது. சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியைச் சாதாரணப் பதிவு உள்ளவர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவருக்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது தூரம். டாடா ஏஸ் மின்வண்டி 2022-இல் வந்தபோது, ஒருமுறை சார்ஜ் செய்தால் 154 கிலோமீட்டர் என்றார்கள். அது சோதனையில் கண்ட அளவு. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றி, மேடு பள்ளத்தில் ஓட்டினால் தூரம் குறையும். நம் சரக்கையே ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுப்பதே உத்தமம்.

சார்ஜ் செய்வதில் நமக்கு ஒரு வசதி உண்டு. இரவு கடை அடைத்து, விடியற்காலை மார்க்கெட்டுக்குப் புறப்படும் வரை வண்டி சும்மாதான் நிற்கிறது. ஆனால் நிறுத்த இடம் வேண்டும். வாடகைக் கடையானால் கட்டட உரிமையாளர் சம்மதம் வேண்டும். மின் இணைப்பின் அனுமதிச் சுமை போதுமா என்றும் பார்க்க வேண்டும். தெருவின் குறுக்கே ஒயரை இழுத்துச் சார்ஜ் போடுவது உயிருக்கு ஆபத்து.

பழைய பெட்ரோல் வண்டியை எந்த மெக்கானிக்கும் பார்த்து விலை சொல்வார். பழைய மின்வண்டியின் விலையோ பேட்டரியின் நிலையைப் பொறுத்தது. எனவே பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், நம் ஊரிலேயே பழுது பார்ப்பார்களா என்பதை எழுத்து மூலம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. வரும் ஒரு மாதம் நம் வண்டி தினமும் ஓடும் கிலோமீட்டரைக் கடைச் சிட்டையில் குறித்து வருவோம். வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்தச் சிட்டையே சொல்லிவிடும்.