சிறுநீரகப் பழுதும் தசைத் தேய்வும்

முள்ளந்தண்டின் இருமருங்கும் அமைந்துள்ள சிறுநீரகங்கள் ஒவ்வொன்றும் ஒரு கைம்முட்டியளவினவே. எனினும் அவை ஆற்றும் பணி பெரிது. நாடோறும் ஏறத்தாழ 180 இலீற்றர் நீர்மத்தைக் குருதியினின்று வடித்து, அதிற் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே அளித்து, எஞ்சிய ஒன்றிரண்டு இலீற்றரை மட்டும் சிறுநீராகக் கழிக்கின்றன. இவை முற்றாகப் பழுதுறுமிடத்துக் கழிவுப் பொருள்கள் குருதியிலே தேங்கி உயிருக்கே இறுதி விளைக்கும்.

அவ்விறுதியைத் தடுக்கும் முயற்சியின் பேறே செயற்கைச் சிறுநீரகம். நெதர்லாந்து ஜேர்மனியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த காலத்தில், 1943 ஆம் ஆண்டில், வில்லெம் கொல்ஃப் என்னும் மருத்துவர் செலோபேன் குழாயை உருளையொன்றிற் சுற்றி, அதனூடே நோயாளியின் குருதியைச் செலுத்தி இதனை அமைத்தார். 1945 இல் இப்பொறியால் முதன்முதலாக ஓர் உயிர் காக்கப்பட்டது. ஆயினும் ஒவ்வொரு முறையும் குருதிக்கலனைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்தமையால், நாட்பட்ட நோயினர்க்கு அது பயன்படவில்லை. 1960 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பார், கையிலே நிலையாகப் பொருத்தத்தக்க தெவிலன் குழாயொன்றை உருவாக்கி அக்குறையை நீக்கினார். இன்று நோயாளர் பெரும்பாலும் கிழமைக்கு மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் குருதி சுத்திகரிப்புப் பெற்றுப் பல்லாண்டுகள் வாழ்கின்றனர்.

உயிர் காக்கப்பட்டது, வலிமையும் காக்கப்பட்டதா? இங்குதான் இடர் தோன்றுகின்றது. சுத்திகரிப்புப் பெறுவோருட் பலர் நாளடைவில் மெலிகின்றனர். நாற்காலியிலிருந்து எழுதலும் படியேறுதலும் அவர்க்கு அரிய செயல்களாகின்றன. தசை தேய்ந்தவர் எளிதில் விழுவர். தொற்று நோய்க்கு ஆற்றாராவர். அவருடைய ஆயுளுங் குறுகும்.

இத்தேய்வுக்குக் காரணம் ஒன்றன்று. முதலாவது, கழிவை நீக்கும் மென்சவ்வு நல்லதையும் ஓரளவு கழித்துவிடுகின்றது. ஒருமுறை சுத்திகரிப்பில் ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. அவற்றை ஈடுசெய்ய உடல் தன் தசையையே உருக்குகின்றது. இரண்டாவது, சிறுநீரகத்தாற் கழிக்கப்படாத அமிலம் உடலிலே தங்கித் தசைப்புரதத்தைச் சிதைக்கும் பொறிமுறையைத் தூண்டுகின்றது. மூன்றாவது, இடையறாத அழற்சியும் இன்சுலினுக்குத் தசை இணங்காமையும் புரத ஆக்கத்தைத் தடுத்துச் சிதைவை மிகுவிக்கின்றன. பசியின்மையும் உடலுழைப்பின்மையும் இவற்றோடு சேர்கின்றன.

எனினும், தசையின் அளவு குறைதலால் மட்டும் தளர்ச்சி முழுவதையும் விளக்கல் இயலாது. தசை எஞ்சியிருந்தும் விரைவிற் களைப்புறுவோர் உளர். அதன் காரணத்தைக் கலத்தினுள்ளே தேடுதல் வேண்டும். 1857 இல் கொல்லிக்கர் என்னும் அறிஞர் தசைக் கலங்களினுள்ளே நுண்மணிகள் இருத்தலைக் கண்டார். 1898 இல் கார்ள் பெண்டா, கிரேக்க மொழியில் நூலையும் மணியையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து அவற்றுக்குப் பெயரிட்டார். நாம் அவற்றை இழைமணி என வழங்குவதும் அப்பொருள் பற்றியே. உணவையும் ஒட்சிசனையும் கொண்டு அடினோசின் முப்பொசுபேற்று என்னும் ஆற்றற் பொருளை ஆக்கும் உலைகள் இவையே. அடுப்பணைந்த வீட்டில் அரிசியிருந்தும் பசி தீராதவாறு, இழைமணி குன்றிய தசையும் இருந்தும் உழைக்காது.

சுத்திகரிப்புப் பெறுவோரின் தசைத் துணுக்குகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தோர், இழைமணிகள் குறைந்தும் வீங்கியும் இருத்தலைக் கண்டனர். புரதங்களோடு பிணைந்திருக்கும் இந்தொட்சில் சல்பேற்று முதலிய நச்சுப் பொருள்களைப் பொறியினாற் செவ்வையாக நீக்க முடிவதில்லை; அவை இழைமணிகளைத் தாக்குகின்றன. கொழுப்பமிலங்களை இழைமணியுட் கொண்டுசேர்க்கும் காணிற்றீன் என்னும் சிறு மூலக்கூறோ, சவ்வினூடே எளிதிற் கழிந்துவிடுகின்றது. இவ்வாறு தங்கவேண்டியது போகவும் போகவேண்டியது தங்கவும் நேர்கின்றது.

ஈண்டு நோக்கத்தக்க முரணொன்றுண்டு. கிரியற்றினின் என்னும் கழிவு குருதியில் உயர்தல் சிறுநீரகப் பழுதின் அறிகுறி என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அது தசையிலே பிறப்பதாதலின், தொடர்ந்து சுத்திகரிப்புப் பெறுவோரிடத்து அதன் அளவு தாழ்ந்து வருதல், தசை கரைவதற்கும் அறிகுறியாகலாம். எண் குறைந்ததென நோயாளி மகிழ்ந்திருக்க, உடலோ தேய்ந்துகொண்டிருக்கும்.

பரிகாரம் யாது? சுத்திகரிப்புத் தொடங்குமுன் புரதத்தைக் குறைக்குமாறு பணிக்கப்பட்டவர், தொடங்கியபின் அதனைக் கூட்டுதல் வேண்டும். நாளொன்றுக்கு உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் தகும் என்பது மருத்துவர் கொள்கை. பழைய பத்தியத்தையே அஞ்சித் தொடர்வோர் தம்மையறியாமலே மெலிவர். பொசுபரசு குறைந்த முட்டை வெண்கரு இதற்குச் சிறந்தது. இருகாபனேற்றால் அமில மிகுதியைத் திருத்தலும் இன்றியமையாதது. காணிற்றீனை மருந்தாக அளித்ததனாற் கிடைத்த பயன் எல்லாரிடத்தும் ஒருபடித்தாயில்லை. உடற்பயிற்சியின் பயனோ தெளிவானது. 2017 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், வீட்டிலே ஒழுங்காக நடைபயின்ற நோயாளர் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடிற்று. உழைக்கும் தசையிலேயே இழைமணிகள் பெருகும் என்பது உடற்றொழிலியல் உண்மை. ஆயின் இதயநிலை அறிந்து, மருத்துவர் ஆலோசனைப்படியே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990 ஆம் ஆண்டுகள் தொட்டு உழவரிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிவருதலை எண்ணுமிடத்து, இவ்விடயம் ஏட்டளவில் நிற்பதன்று என்பது புலனாகும். உடலுழைப்பே முதலாகக் கொண்ட உழவனுக்குத் தசை தேய்தல் வாழ்வே தேய்தலாகும். குருதியைத் தூய்மைசெய்தல் உயிரை நிறுத்தும். உண்டியும் உழைப்புமே அவ்வுயிரை எழுந்து நடக்கச் செய்யும்.